சரிவு நிலத்தில் கல்லும் வேரும்: சாய்ந்த தோட்டப் பாத்தியைச் சீரமைக்கும் வழி

நல்ல மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை, சரிவான தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். மேல் பாத்தியில் செடிகளின் வேர் வெளியே தெரியும். கீழே நடைபாதையில் நைசான மண் விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். போன மாதம் போட்ட எரு, தூவிய விதை எல்லாம் அந்த வண்டலோடுதான் கிடக்கும். அள்ளிக்கொண்டு போய் மேலே போடுவோம். அடுத்த மழையில் திரும்பவும் இறங்கிவிடும்.

இப்படி இரண்டு வருடம் மண் சுமந்த பிறகுதான் நான் கல்லைக் கையில் எடுத்தேன். அதையும் முதலில் தப்பாகத்தான் செய்தேன். சிமெண்ட் சாந்து வைத்து, ஒரு ஓட்டைகூட விடாமல், மூன்றடி உயரத்துக்கு ஒரே சுவராக எழுப்பி, தோண்டி எடுத்த களிமண்ணையே பின்னால் கொட்டி மூடினேன். இரண்டாவது மழைக்காலத்தில் சுவரின் வயிறு முன்னால் உப்ப ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் எட்டடி நீளத்துக்குப் படுத்துவிட்டது. கல்லில் குறையில்லை, சாந்திலும் குறையில்லை. பின்னால் தேங்கிய தண்ணீர் வெளியே போக வழி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நீர்ப்பிடிப்பு வேலை செய்கிறவர்கள், ஓடுகிற தண்ணீரை நடக்க வை, நடக்கிற தண்ணீரை நிற்க வை, நிற்கிற தண்ணீரை மண்ணுக்குள் இறக்கு என்பார்கள். சரிவுத் தோட்டத்தின் முழு வேலையும் இதுதான். குறுக்கே வைத்த கல் ஓட்டத்தை நடையாக்கும். மட்டமாக்கிய பாத்தி அதை நிற்க வைக்கும். மண்ணுக்குள் இறக்குவது வேர். இதில் எந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தாலும் மற்ற இரண்டும் வீண்.

ஒரு மழை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

கடப்பாரையைத் தொடும் முன் ஒரு பெருமழையிலாவது குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது, எந்த இடத்தில் ஒன்றுசேர்ந்து ஓடையாகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதைப் பாருங்கள். அந்த இடங்களில் ஒவ்வொரு குச்சி நட்டு வையுங்கள். வெயில் நாளில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரின் அளவையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது 1 லிட்டர். 400 சதுர அடிச் சரிவு என்றால் சுமார் 37 சதுர மீட்டர். ஒரே பொழுதில் 50 மி.மீ. பெய்தால் அந்த இடத்தின் மேல் மட்டும் 1,850 லிட்டர் விழுகிறது. கூரையிலிருந்து இறங்கும் குழாயும் சரிவின் தலைமாட்டில் வந்து முடிந்தால் இது இரண்டு, மூன்று மடங்காகிவிடும். அப்படி ஒரு குழாய் இருந்தால் அதை ஓரமாகத் திருப்பிவிடுவதுதான் முதல் வேலை. அக்கம்பக்கத்து உயரமான நிலத்திலிருந்து தண்ணீர் வழிந்து வந்தால், சரிவின் உச்சியில் அரையடி ஆழத்துக்குக் குறுக்கு வாய்க்கால் ஒன்று வெட்டி, சல்லி நிரப்பி, அதையும் பக்கவாட்டில் இறக்கிவிடுங்கள். இந்த இரண்டையும் செய்த பிறகு, பெரிய சுவர் வேண்டும் என்று நினைத்த சில இடங்களில் இரண்டு வரிசைக் கல்லே போதும் என்று தெரியவரும்.

அதே மழையில் இன்னொன்றும் செய்யுங்கள். கீழே வெளியேறுகிற தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மூடி, அசையாமல் ஒரு இரவு வைத்துவிடுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருக்கும். அதன் உயரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு, தேதியையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் இது தேவைப்படும்.

மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று பார்க்க ஒரு அடி ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சி வைத்து அளங்கள். ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை இறங்கினால் கவலையில்லை. ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் களி அதிகம். சுவருக்குப் பின்னால் சல்லியைத் தாராளமாகப் போட வேண்டியிருக்கும்.

சரிவை அளப்பது

ஆறடி நீளத்தில் நேரான பலகை ஒன்றும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு நுனியை மேட்டில் வைத்து, மறுநுனியைத் தூக்கி மட்டம் பிடித்து, அந்த நுனியிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளங்கள். பிறகு அந்த இடத்திலிருந்து அடுத்த ஆறடி. இப்படி அடிவரை இறங்கி எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த இறக்கம் கிடைக்கும். இரண்டு பேர் இருந்தால் கொத்தனார்கள் பிடிப்பது போல, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்க்கிற டியூப் லெவல் பிடித்துவிடலாம், இன்னும் சுலபம்.

15 அடி தூரத்தில் 3 அடி இறங்கினால் அது ஐந்துக்கு ஒன்று. பத்துக்கு ஒன்றைவிடக் குறைந்த சரிவு என்றால் சுவரே வேண்டாம்; மட்டக்கோட்டில், அதாவது சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போகிற கோட்டில், கற்களைப் பாதி புதைத்து வரிசையாக வைத்தாலே மண் நின்றுவிடும். பத்துக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்றுவரை படிப்படியாகத் தாழ்வான சுவர் கட்டலாம், புதிதாகத் தொடங்குகிறவர்களாலும் முடியும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சிவில் என்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும். சரிவின் மேலேயே வீடு நின்றாலும், தரையில் நீளமான வெடிப்புத் தெரிந்தாலும், மழை விட்ட பின்னும் நாள்கணக்கில் ஊற்றுப்போலத் தண்ணீர் கசிந்தாலும் அதேதான். இதில் துணிச்சல் காட்டாதீர்கள்.

ஒரு சுவரின் உயரம் ஒன்றரை அடி, போனால் இரண்டடி. மூன்றடி இறக்கம் இருந்தால் ஒன்றரை அடியில் இரண்டு சுவராகப் பிரியுங்கள். மண் சுவரைத் தள்ளுகிற மொத்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. என்னுடைய மூன்றடிச் சுவர் படுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு சுவர்களுக்கு நடுவே, கீழ்ச் சுவரின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளியாவது இருக்கட்டும். நெருக்கிக் கட்டினால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் தலையில் ஏறும்.

எதை விட்டுவைப்பது, எதை எடுப்பது

சரிவில் ஏற்கெனவே நிற்கிற மரத்தை வெட்டாதீர்கள். பல வருடமாக அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். மரத்தின் குடை விரிந்திருக்கிற பரப்புக்குள் பள்ளம் தோண்ட வேண்டாம். சுவர்க் கோட்டைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போய்விடலாம். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிப்பதும் கூடாது. வேர் விரிந்து தரையில் இறங்குகிற அந்த இடம் எப்போதும் காற்றாட இருக்க வேண்டும். மூடினால் உடனே ஒன்றும் ஆகாது. சில வருடங்களில் மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும்.

களைகளை ஒரே நாளில் மொத்தமாக மழித்துவிட வேண்டாம். இன்றைக்கு எந்தப் பட்டையில் சுவர் எழுப்பப் போகிறீர்களோ அதை மட்டும் சுத்தம் செய்யுங்கள். வெட்டவெளியாகக் கிடக்கிற சரிவில் எதிர்பாராத ஒரு மழை பிடித்தால் ஒரு மணி நேரத்தில் நஷ்டம் பெரிதாகிவிடும்.

மேல்மண் ஆறு அங்குலத்தைத் தனியே வழித்து, தார்ப்பாய் விரித்துக் குவியுங்கள். அடிமண்ணை வேறு இடத்தில் குவியுங்கள். நிறத்திலேயே வித்தியாசம் தெரியும்: மேல்மண் கருத்து, உதிரியாக, வேர்நாரோடு இருக்கும். உயிருள்ள மண் அதுதான். கடைசியில் அதுதான் மேலே வர வேண்டும். தோண்டுவதற்கு முன் மின்கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எங்கே போகின்றன என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

எதிரெதிரே இரண்டு பக்கமாவது ஓரளவு தட்டையாக இருக்கிற கல்லாகப் பாருங்கள். உருண்டைக் கல் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. பாளம் பாளமாகப் பிரிகிற கல்லாக இருந்தால் அந்தப் பாளம் படுக்கை வசத்தில் இருக்கும்படியே வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் தண்ணீர் இடையில் புகுந்து தகடு தகடாக உரிந்துவிடும்.

சுண்ணாம்புக்கல்லா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு வினிகர் விட்டு, நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படிப்பட்ட கல் காலப்போக்கில் பக்கத்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். புளிப்பு மண்ணை விரும்புகிற செடிகளை அதன் அருகில் வைக்க முடியாது. கருங்கல்லில் இந்தத் தொந்தரவு இல்லை.

கணக்கு இப்படி. 16 அடி நீளம், புதையும் பகுதியையும் சேர்த்து 2 அடி உயரம், ஒன்றேகால் அடி கனம் என்றால் 40 கன அடி. கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ எடை வரும். அடுக்கும்போது நடுவே விழுகிற சந்துகளைக் கழித்துப் பார்த்தால் இந்த ஒரு சிறு சுவருக்கே சுமார் 2 டன் கல் வேண்டும். கையளவு தெரிகிற சுவருக்கு லாரி பாரமா என்று திகைக்க வேண்டாம். இதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே வாங்குங்கள். எந்தக் குவியலிலும் உட்கார மறுக்கிற கற்கள் சில இருக்கும். இறக்கும்போது சரிவின் மேல்பக்கத்தில் இறக்கச் சொல்லுங்கள். கல்லைக் கீழே கொண்டுவருவது எளிது, மேலே ஏற்றுவதுதான் இடுப்பை ஒடிக்கும்.

ஓடைப் படுகையிலிருந்தும் குன்றிலிருந்தும் கல் பெயர்த்து வராதீர்கள். பல இடங்களில் அது சட்டப்படி குற்றம். அதோடு, அந்தக் கல்லின் அடியில் பல்லியும் தேரையும் பூச்சிகளும் குடியிருக்கின்றன. ஒரு தோட்டத்தில் உயிர்களை வரவழைக்க இன்னொரு இடத்தில் அவற்றின் கூரையைப் பிடுங்குவது சரியில்லை. பழைய கட்டடம் இடிக்கும்போது கிடைக்கிற அஸ்திவாரக் கல் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. வெயிலும் மழையும் பட்டுப் பழகிய கல் அது.

சாந்து இல்லாமல் சுவர் எழுப்புவது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது உலர் கற்கட்டுதான், அதாவது சிமெண்டோ மண்ணோ பூசாமல் கல்லின் எடையிலும் பிடிப்பிலும் நிற்கிற சுவர். சந்துகள் வழியாகத் தண்ணீர் தானாகவே வடியும். மண் கொஞ்சம் அசைந்தால் சுவரும் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்துகொள்ளும், வெடிக்காது. ஒரு கல் சரிந்தால் அதை மட்டும் எடுத்துத் திரும்ப வைக்கலாம். சந்தில் செடி வளர்க்கலாம். இந்தக் கலையை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியா, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எட்டு நாடுகள் சேர்ந்து கேட்டு வாங்கிய இடம் அது. நூற்றாண்டுகளாக மலைச்சரிவில் திராட்சையும் ஆலிவும் விளைவித்தவர்கள் சிமெண்ட் இல்லாமலேதான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வேலையைக் கீழ்ச் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதை முடித்து, மண் நிரப்பி, அதன் மேல் நின்றுகொண்டு அடுத்த சுவருக்குப் போகலாம்.

மட்டக்கோட்டில் முளை அடித்து நூல் கட்டுங்கள். நூலுக்கு உள்பக்கமாக ஒன்றரை அடி அகலம், அரையடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். அடியில் இளமண் இருந்தால் கெட்டித்தரை தட்டும்வரை போக வேண்டும். பள்ளத்தின் தரை மேட்டுப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். சுவர் மண்ணின் மேல் சாய்ந்து உட்கார அதுதான் அடிப்படை. திமிசுக்கட்டையால் நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். இருப்பதில் பெரிய கற்கள் எல்லாம் இந்த முதல் வரிசைக்கு. இந்த வரிசை முழுக்கப் புதைந்துவிடும், யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு நாள் முழுக்க இதற்கே செலவானாலும் பரவாயில்லை.

இரண்டாம் வரிசையிலிருந்து கவனிக்க வேண்டியது மூட்டு. கீழே இரண்டு கல் சேர்கிற இடத்தின் மேல் ஒரு முழுக்கல் வர வேண்டும். மூட்டுக்கு மேல் மூட்டு வந்தால் சுவர் அந்தக் கோட்டில் பிளக்கும். அடுத்தது, கல்லின் நீளம் சுவருக்கு உள்ளே போக வேண்டும். நீளப்பக்கத்தை முகப்பில் காட்டி வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும், சீக்கிரம் சுவர் நீளும், பார்வையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கல்லுக்குப் பின்னால் பிடிப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு மூன்று, நான்கு அடிக்கும் ஒரு நீளமான கல்லை, சுவரின் கனத்தையும் தாண்டிப் பின்மண்ணுக்குள் போகும்படி வையுங்கள். முழுச் சுவரையும் சரிவோடு சேர்த்துத் தைக்கிற ஊசி அது.

ஒரு கல்லை உட்கார வைப்பது எப்படி என்று கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கை கற்றுக்கொண்டால் மீதி எல்லாம் வந்துவிடும். கல்லை வைத்து, எதிரெதிர் மூலைகளில் இரண்டு உள்ளங்கைகளாலும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஆடினால் எடுத்துத் திருப்பி வையுங்கள். பக்கம் மாற்றி, தலைகீழாக, முன்பின்னாக என்று நான்கைந்து விதமாகப் பார்க்கலாம். மூன்று இடத்தில் நன்றாகத் தொட்டுவிட்டால் கல் ஆடாது. கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருந்தால் தட்டையான சில்லுக்கல் ஒன்றைப் பின்பக்கத்திலிருந்து செருகுங்கள். முன்பக்கம் செருகிய சில்லு ஒரு மழையில் நழுவி விழுந்துவிடும். பிறகு சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு. சரியாக உட்கார்ந்த கல் ‘டொக்’ என்று அடங்கிய சத்தம் தரும். உட்காராத கல் கலகலக்கும். சில நாளில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். ஒரு கல்லோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். ஓரமாக வையுங்கள், அதற்கென்று ஒரு இடம் பின்னால் வரும்.

சுவர் செங்குத்தாக நிற்கக் கூடாது. ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் மேட்டுப்பக்கம் சாய வேண்டும். இந்தச் சாய்வில் இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஆணியடித்து ஒரு சட்டம் செய்துகொண்டு, தூக்குக்குண்டு பிடித்து, இரண்டு கோடியிலும் நிறுத்தி நூல் கட்டிவிட்டால் கண் ஏமாறாது.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பின்னால் முக்கால் அடி முதல் ஒரு அடிவரை சல்லி நிரப்புங்கள். முழுச் சுவரையும் எழுப்பிவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் கொட்டினால் இறுகாது, சந்தும் அடையாது. சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற வடிதுணியை விரித்துவிட்டால் சல்லி பல வருடம் அடைபடாமல் இருக்கும். பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிடாதீர்கள், அது தண்ணீரையே தடுத்துவிடும். கடைசி வரிசைக்கு அகலமான, கனமான கற்களை முன்பே எடுத்து வைத்திருங்கள். அவற்றின் பாரம்தான் கீழே உள்ளவற்றை அமுக்கிப் பிடிக்கும்.

முரட்டுக் கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் இறங்காதீர்கள். உளி பிடித்து உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கல்லை நனைத்துக்கொள்ளுங்கள். கல்தூசி நுரையீரலுக்குக் கேடு. முழங்காலை மடக்கித் தூக்குங்கள். முதல் நாளில் பத்து சதுர அடி எழுந்தாலே நல்ல வேலைதான்.

பெருமழையின் உபரித் தண்ணீருக்கு ஒரு வழி மீதம் இருக்கிறது. சுவரின் ஒரு கோடியில் இரண்டடி அகலத்தைத் தாழ்வாக விட்டு, அதன் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் தட்டைக் கற்களைப் பதித்துவிடுங்கள். பாத்தியின் தரை அந்தக் கோடியை நோக்கி நூறுக்கு ஒன்று சாய்ந்தால் போதும். ஏறி இறங்கப் படிக்கட்டு வேண்டுமென்றால் உயரம் ஆறு அங்குலம், மிதி பதினான்கு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்திலும் கால் தடுமாறாது.

மண்ணை நிரப்புவதில் பெரிய வித்தை இல்லை. அடிமண் முதலில், அரையடி அரையடியாக, காலால் மிதித்து. மேல்மண் கடைசியில். சுவர் மட்டத்துக்கு மேல் ஒரு இரண்டு அங்குலம் கூடவே இருக்கட்டும், முதல் மழையில் இறங்கிவிடும்.

நாட்டுச் செடிகள்

கல் இன்றைக்கு மண்ணைப் பிடிக்கும். இன்னும் ஐந்து வருடம் கழித்துப் பிடிக்கப் போவது வேர். அதனால் செடி தேர்வதை அலங்கார வேலையாக நினைக்காதீர்கள்.

நாட்டுச் செடி என்றால் உங்கள் பகுதியின் மண்ணிலும் மழையிலும் மனிதர் நடாமலே தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவருவது. நாற்றங்காலில் ‘நாட்டு ரகம்’ என்று எழுதியிருப்பது எல்லாம் அப்படி இல்லை. நல்ல வழி, பக்கத்தில் இருக்கிற காட்டோரம், பாறைச்சரிவு, பழைய மேடு எங்கேயாவது வறண்ட மாதத்தில் ஒருமுறை, மழை மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது. யாரும் தண்ணீர் ஊற்றாத சரிவில், கோடையின் கடைசியிலும் எது பச்சையாக நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து செடியைப் பிடுங்க வேண்டாம். பெயரைத் தெரிந்துகொண்டு, நாட்டுத் தாவரம் வளர்க்கிற நாற்றங்காலில் கேளுங்கள், அல்லது அனுமதி உள்ள இடத்தில் கொஞ்சம் விதை சேகரியுங்கள்.

வேரை மூன்றாகப் பிரித்து யோசிப்பது என் வழக்கம். கொத்தாக வளர்கிற புற்கள் நார்வேர்களால் மேல்மண்ணைப் பின்னிப் பிடிக்கும். குற்றுச்செடிகள் ஆணிவேரை இறக்கி மண்ணை ஆழத்தோடு கட்டிப்போடும். படர்கொடிகளும் தரையோடு ஒட்டிய செடிகளும் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும்; வெற்றுமண்ணில் விழுகிற துளி மண்துகளைச் சிதறடிக்கும், இலையில் விழுந்தால் அந்த வேகம் அங்கேயே செத்துவிடும். ஒரே பாத்தியில் இந்த மூன்றும் கலந்து இருக்க வேண்டும். புல்லுக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் வெட்டிவேர்: இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட இதன் வேர் பத்தடி வரைகூட நேர்கீழாக இறங்கும், பல நாடுகளில் சாலைச் சரிவுகளைக் காப்பதற்கு இதை வரிசையாக நடுகிறார்கள். அது இயற்கையாக வளராத பகுதியில் இருப்பவர்கள் அதே குணமுள்ள உள்ளூர்க் கொத்துப்புல்லைத் தேடுங்கள். எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும்.

எதிர் உதாரணம் உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டு, போன இடத்தில் எல்லாம் தோட்டவேலி தாண்டிக் காட்டுக்குள் புகுந்துவிட்டது. வண்ணவண்ணமாகப் பூக்கிறது, தண்ணீர் கேட்பதில்லை, சரிவில் நன்றாக வருகிறது என்று யாராவது ஒரு செடியைச் சிபாரிசு செய்தால், அது எங்கிருந்து வந்தது, விதை எப்படிப் பரவும் என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு நடுங்கள்.

ஒரே சரிவில் ஈரம் ஒன்றுபோல இருக்காது. உச்சிப் பாத்தி சீக்கிரம் காயும், வறட்சி தாங்குகிறவை அங்கே. அடிப்பாத்தியில் ஈரம் தங்கும், அகன்ற இலைச் செடிகள் அங்கே. சுவரின் தலையிலிருந்து ஒரு அடிக்குள் மரமாகிற எதையும் நடாதீர்கள். சுவரின் அருகில் எங்குமே பெருமரம் வேண்டாம், பருத்த வேர் கல்லைப் பெயர்த்துவிடும். விளிம்பில் கவிந்து தொங்குகிற சிறு செடிகள் நல்லது. கற்சந்துச் செடிகளைச் சுவர் கட்டும்போதே, வேரைப் பின்மண்வரை நீட்டி ஈரமண் பொதித்து, அதன் மேல் அடுத்த கல்லை வைத்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு சந்தில் திணித்தது பெரும்பாலும் பிழைக்காது.

நடுவது மழைக்காலத் தொடக்கத்தில். சிறிய நாற்றாக வாங்குங்கள். ஒரு வருட நாற்று புது மண்ணில் சட்டென்று வேர்விட்டு, பெரிய தொட்டிச் செடியை இரண்டொரு வருடத்தில் எட்டிப்பிடித்துவிடும். வரிசைக்கு வரிசை நேராக நடாமல் முக்கோணமாக மாற்றி மாற்றி நட்டால், இரண்டு செடிகளுக்கு நடுவே நழுவுகிற தண்ணீரை அடுத்த செடி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாற்றின் கீழ்ப்பக்கமும் பிறை வடிவில் சின்ன வரப்பு அணையுங்கள். உரத்தை அள்ளிப் போடாதீர்கள். கொழுத்த மண்ணில் நாட்டுச் செடி தண்டு நீண்டு, இலை தழைத்து, வேர் சோம்பிவிடும். மேல்மண்ணில் கொஞ்சம் மக்கிய இலை கலந்தால் போதும்.

நட்ட அன்றே மூடாக்கு. இரண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த புல், நார், சருகு. மரச்சீவல் சரிவில் மிதந்து ஓடிவிடும், நாராக இருப்பது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சரிவாகவே விட்ட இடங்களில் தென்னைநார் வலையை விரித்து முளையடித்து, கண்ணிகளில் நடுங்கள். சில வருடத்தில் வலை மக்கி மண்ணாகும்போது வேர் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கும்.

முதல் வருடம்

நாட்டுச் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று நம்பி முதல் கோடையில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். வேர் ஆழத்துக்குப் போகும்வரை அதற்கும் தண்ணீர் வேண்டும். தினமும் தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஒருமுறை மெதுவாக, ஆழமாக நனைய ஊற்றுங்கள். மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றும். களையை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்து, அந்த இடத்திலேயே மூடாக்காகப் போடுங்கள். நான்கில் ஒரு நாற்று போனாலும் மனம் விட வேண்டாம். எது பிழைத்ததோ அதையே கூடுதலாக நடுங்கள், உங்கள் மண் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டது.

பெருமழைக்குப் பிறகு சுவரின் இரு கோடிக்கும் நூல் பிடித்து, நடுவில் எங்காவது கல் நூலைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளினால் அந்த இடத்தை மட்டும் பிரித்து, பின்னால் சல்லியைச் சரிபார்த்துத் திரும்ப அடுக்குங்கள். சந்துகளில் பல்லி முட்டையிடும், தனித்தேனீ கூடு வைக்கும், தேரை பகலெல்லாம் ஒண்டியிருக்கும். ஓட்டை தெரிகிறதே என்று சிமெண்ட் பூசி அடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது மழைக்காலத்தில் பழைய பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே மாதிரி ஒரு பெருமழையில், அதே அளவுள்ள இன்னொரு பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். ஒரு இரவு வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வண்டல் இன்னும் பழைய கோட்டுக்கு அருகிலேயே இருந்தால் மேலே ஏறிப் போய், எந்தப் பாத்தியில் மண் வெற்றாகத் தெரிகிறது என்று தேடுங்கள். அங்கே இன்னும் நாலு கொத்துப்புல் நட வேண்டும்.